பிள்ளையின் எண்



ஆவணி மாதத்தில் ஒரு நாள் திருக்கேதீஸ்வரம் பக்கம் வீட்டுத் தரிசிப்புக்குப் போயிருந்தேன். பாலாவிக் கரையைத் தாண்டி உள்ளே போகும் மண் பாதையில், பனைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த வீடு. அந்தத் தாயை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். 2008 இல் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக்பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தவர். கணவர் ஐந்து வருடங்களுக்கு முன்னர் நோயில் இறந்து விட்டார். தையல் மெசின் ஒன்றும் இரண்டு பிள்ளைகளும்தான் இப்போது அவருடைய உலகம். போனதும் தேத்தண்ணி தந்து விட்டு, தைத்துக்கொண்டிருந்த பாவாடையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்டார்.

"மிஸ், நீங்கள் படிச்சனீங்கள். இந்த நம்பர் பொய்யோ மெய்யோ எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் நீட்டியது கைத்தொலைபேசியை. தவணைக் காசுக்கு வாங்கிய போன். அதில் மூத்த பிள்ளை, வயது பதினான்கு, இணையவழியில் சதுரங்கம் விளையாடுகிறாள். கொரோனா காலத்தில் பாடசாலை மூடியிருந்தபோது மாமன் மகனிடம் பழகியது. ஆடி மாதத்தில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் 1612 என்று இருந்ததாம். இப்போது 1387. வவுனியாவில் ஒரு போட்டி வருகிறது, அதற்குப் போக வேண்டும் என்று பிள்ளை கேட்கிறாள். பஸ் காசு, நுழைவுக் கட்டணம், தாய்க்கு இரண்டு நாள் தையல் வேலை இல்லை. அயலில் ஒருவர், "நம்பர் இறங்குது எண்டால் மூளை மங்குது எண்டுதானே அர்த்தம், போனைப் பறிச்சு வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். சதுரங்கம் தெரிந்த இன்னொருவரோ, "போனில வாற நம்பர் எல்லாம் சும்மா, அதை நம்பிக் காசைச் செலவழிக்காதையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் எண்ணை முழுதாக நம்பிப் பிள்ளையை மறிக்கச் சொல்கிறார். மற்றவர் எண்ணை நம்பாமலே மறிக்கச் சொல்கிறார். தாய் பாவம், நடுவில்.

எனக்குச் சதுரங்கம் காய் நகர்த்தத் தெரியும் என்ற அளவுதான். முகாமில் நாங்கள் விளையாடியது புளியங்கொட்டைத் தாயம். ஆனால் எண்கள் என்றால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, எந்தப் புள்ளிவிபரத்தைக் கொண்டு போனாலும் "யாரிடம் கேட்டு எடுத்தாய்?" என்ற கேள்வியைத்தான் முதலில் சந்திக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தில் நானும் பிள்ளையைக் கூப்பிட்டு, "யாரோட விளையாடி இந்த நம்பர் வந்தது, காட்டம்மா" என்றேன்.

அதற்கு முன்னர் இந்த எண் என்ன என்று சொல்லி விடுகிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் இப்போது பிள்ளைகள் இதை விளையாடுகிறார்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்தவர். சதுரங்க வீரர்களின் பலத்தை எண்ணால் மதிப்பிட அவர் செய்த முறையை, சர்வதேச சதுரங்க சம்மேளனமான பிடே 1970 இல் ஏற்றுக்கொண்டது. கணக்கு கடினமில்லை. சமமான எண் உள்ள இருவர் ஆடினால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. இருநூறு புள்ளி கூடியவர் நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படும். எதிர்பார்த்ததை விடக் கூட எடுத்தால் எண் ஏறும், குறைத்து எடுத்தால் இறங்கும். 1500 எண் உள்ளவர் 1700 எண் உள்ளவரை வென்றால், வழமையான கணக்கில் ஏறக்குறைய 15 புள்ளி கிடைக்கும். தோற்றால் 5 தான் போகும். வலியவரிடம் தோற்பதில் பெரிய நட்டம் இல்லை.

ஆகவே இந்த எண் பிள்ளையின் மூளையை அளக்கும் கோல் அல்ல. யாரோடு ஆடினாளோ அவர்களுக்குப் பக்கத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறது. ஈலோவே இதை, நீரில் ஏறி இறங்கும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பிட்டிருக்கிறார். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இணையத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் வேறு. பிள்ளை விளையாடும் 'லீசெஸ்' என்ற தளம் இலவசமானது, விளம்பரமும் இல்லை. அதில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதலில் 1500 என்றே எண் வைக்கப்படும். 'செஸ் டொட் கொம்' என்ற மற்றத் தளத்தில் தொடக்கம் வேறு மாதிரி. ஒரே பிள்ளை இரண்டிலும் ஆடினால் இரண்டு எண்களுக்கும் இடையில் சில நூறு புள்ளி வித்தியாசம் கூட இருக்கலாம். பொதுவாக லீசெஸ் எண் கூடுதலாக நிற்கும். ஒரு நிமிட ஆட்டத்துக்கு ஓர் எண், பத்து நிமிட ஆட்டத்துக்கு இன்னோர் எண். பிடேயின் பட்டியலோ முற்றிலும் தனியானது. 2022 மாசி மாதத்தில், பதினாறு வயதுச் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா உலக சம்பியன் மக்னஸ் கார்ல்சனை இணையவழிப் போட்டி ஒன்றில் வென்றதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த வெற்றியால் பிடே பட்டியலில் அவனுக்கு ஒரு புள்ளி கூடக் கூடவில்லை.

பிள்ளை தன் பழைய ஆட்டங்களின் வரிசையைத் திறந்து காட்டினாள். நான் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தேன். அவள் தோற்றதாகப் பதிவான ஆட்டங்களில் கணிசமானவை ராசா பிடிபட்டுத் தோற்றவை அல்ல, நேரம் முடிந்து தோற்றவை. காற்றடித்தால் அந்தப் பக்கத்தில் சிக்னல் போய்விடும். டேற்றா முடிந்தாலும் அதே கதை. இவள் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுகிறாள், அங்கே கடிகாரம் ஓடுகிறது. வெல்லும் நிலையில் இருந்த ஆட்டமும் தோல்வி என்றுதான் பதியப்படும்.

2020 ஆவணி 30 ஆம் திகதி, முதலாவது இணையவழி ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டியில், இந்திய அணியில் இருவருக்கு நடு ஆட்டத்தில் இணைய இணைப்பு அறுந்து போனது. உலகளாவிய இணையக் கோளாறு அது. இந்தியா முறைப்பாடு செய்தது, பிடே தலைவர் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார். திருக்கேதீஸ்வரத்தில் சிக்னல் போனால் முறைப்பாடு கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்னும் ஒரு விடயம் இருந்தது. அதைச் சொல்லப் பிள்ளை கொஞ்சம் தயங்கினாள். ஆவணியில் பாடசாலை விடுமுறையில், இவள் தாய்க்குக் கைத்தையல் உதவி செய்த நேரமெல்லாம், தம்பியும் மாமன் வீட்டுப் பொடியளும் இதே போனில், இதே பெயரில் விளையாடியிருக்கிறார்கள். தம்பிக்கு வயது ஒன்பது. குதிரை எப்படிப் பாயும் என்பதே இப்போதுதான் பழகுகிறான். ஒரு போன், நாலு பிள்ளைகள், ஓர் எண். 1387 என்பது அந்தப் போனின் எண். தாய் இதைக் கேட்டுவிட்டு முதலில் மகனைப் பார்த்து முறைத்தார், பிறகு சிரித்து விட்டார்.

இப்படிக் கையடக்கமான பிழைகளை நாங்கள் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்து விட்டோம். ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதை விடப் பெரிய பிழை ஒன்றைப் பற்றி. அதில் மாட்டுப்பட்டவர்கள் பெண்கள்.

எங்களுக்கெல்லாம் சீட்டுப் பிடிக்கத் தெரியும். ஆறு பேர் சீட்டுக் கட்டினால் காசு கைமாறும். ஒருத்தி இந்த மாதம் எடுப்பாள், இன்னொருத்தி அடுத்த மாதம் எடுப்பாள். ஆனால் அந்த ஆறு பேருக்குள் இருக்கும் மொத்தக் காசு கூடுவதில்லை. சதுரங்கப் புள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், எல்லோருடைய ஆட்டமும் நன்றாகத் தேறினாலும், அவர்களின் மொத்தப் புள்ளி அப்படியே நிற்கும். ஒருத்தி ஏறினால் இன்னொருத்தி இறங்க வேண்டும். வெளியிலிருந்து பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு, இவர்கள் வளரவே இல்லை என்று தோன்றும்.

உலகப் பெண் சதுரங்க வீராங்கனைகளுக்கு இதுதான் நடந்தது. பெண்கள் பெரும்பாலும் பெண்களுக்கான போட்டிகளில் மட்டுமே ஆடினார்கள். ஆண்களின் கூட்டத்தோடு அவர்களின் கூட்டம் அதிகம் கலக்கவில்லை. 1980 களின் நடுப்பகுதியில், பெண்களின் எண்கள் அவர்களின் உண்மையான பலத்தை விடக் குறைவாக நிற்கின்றன என்ற வாதம் வலுத்தது. 1986 இல் டுபாயில் கூடிய பிடே ஒரு முடிவெடுத்தது. பட்டியலில் உள்ள பெண்களுக்கு எல்லாம் ஆளுக்கு நூறு புள்ளி கூட்டிக் கொடுப்பது. ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி ஹங்கேரியைச் சேர்ந்த சூசன் போல்கார். அப்போது வயது பதினேழு. 1984 இல், பதினைந்து வயதிலேயே உலகப் பெண்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர். அவரும் தங்கைகளும் பெண்கள் போட்டிகளைத் தவிர்த்து ஆண்களோடுதான் ஆடினார்கள். ஆகவே அவருடைய எண் சரியானது, அதற்குத் திருத்தம் தேவையில்லை என்பது பிடே சொன்ன நியாயம். 1987 தை மாதப் பட்டியல் வந்தபோது அவர் முதலிடத்தில் இல்லை. சோவியத் நாட்டுச் சம்பியன் மாயா சிபுர்தனிட்சே அவருக்கு மேலே போயிருந்தார். ஓர் ஆட்டமும் தோற்காமல் ஓர் இரவில் ஓர் இடம் இறங்கினார் சூசன்.

இதில் என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். பெண்களின் எண் தாழ்ந்து நின்றது என்பது உண்மையாக இருக்கலாம், நம்பத் தகுந்த வாதம்தான். ஆனால் திருத்திய விதம் நியாயமானதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே அளவில் மூடிய அறைக்குள் இருந்தவர்களா? ஒருவரைப் பெயர் குறித்து விலக்கும் அளவுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்க்காமல் மொத்தமாக நூறு என்று கொடுத்தது ஏன்? ஆண்களோடு மோதத் துணிந்ததற்கான கூலி இது என்றுதான் சூசனின் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்னரே 1986 இல், உலகச் சம்பியன் பட்டத்துக்கான தகுதி வரிசையில் இடம் பெற்றும், அது ஆண்களுக்கானது என்று அவர் மறிக்கப்பட்டிருந்தார்.

அவர்கள் விளையாட்டை விடவில்லை என்பதும் வரலாறுதான். 1988 இல் போல்கார் சகோதரிகள் மூவரும் இடம்பெற்ற ஹங்கேரி அணி, தெசலோனிகி ஒலிம்பியாட்டில் சோவியத் பெண்களைப் பின்தள்ளித் தங்கம் வென்றது. சூசன் 1991 இல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். கடைக்குட்டி ஜுடித் 2005 இல் 2735 என்ற எண்ணை எட்டி, ஆண் பெண் என்ற பேதமில்லாத பட்டியலில் எட்டாவது இடத்தில் நின்றார்.

மூடிய கூட்டத்தின் பிரச்சினை பெண்களோடு முடியவுமில்லை. கொரோனாவுக்குப் பின்னர், வீட்டில் இணையத்தில் பழகி நன்றாகத் தேறிய சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக நேரடிப் போட்டிகளுக்கு வந்தார்கள். அவர்களின் கையில் இருந்ததோ மிகச் சிறிய எண். அவர்களிடம் தோற்றவர்களின் எண்ணும் கீழே இழுபட்டது. ஆகவே 2024 பங்குனி 1 ஆம் திகதி பிடே மறுபடியும் ஒரு திருத்தம் செய்தது. 2000 க்குக் கீழே உள்ள எல்லோருக்கும், 2000 க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு கூட்டப்பட்டது. 1900 உள்ளவர் 1940 ஆனார், 1500 உள்ளவர் 1700 ஆனார், 1000 உள்ளவர் 1400 ஆனார். 1400 க்குக் கீழே இனி எண்ணே இல்லை. இந்தத் தடவை யாரையும் பெயர் குறித்து விலக்கவில்லை.

எண் என்றால் கல்லில் வெட்டியது என்று நினைக்கும் எங்களுக்கு இது ஆச்சரியம்தான். 2023 இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது, வீடு, காணி, கல்வி, நோய், குடும்ப அங்கத்தவர் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்தார்கள். பெயர் வராத பெண்கள் பலர், "புள்ளி அப்பிடியாம், என்ன செய்யிறது" என்று பேசாமல் இருந்து விட்டார்கள். மேன்முறையீடு செய்யலாம் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. உலக சம்மேளனமே தன் எண்ணைப் பிழை என்று ஏற்றுத் திருத்தியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

பிள்ளை இன்னொன்றும் கேட்டாள். "அக்கா, பரீட்சைக்காக ரெண்டு மூண்டு மாதம் விட்டால் நம்பர் இறங்கிப் போகுமோ?" இல்லை. இதை விளக்கும்போது எனக்கே ஒரு சந்தோசம் வந்தது. அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் மார்க் கிளிக்மன் 1995 இல் செய்த முறையைத்தான் இந்த இணையத் தளங்கள் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொருவருக்கும் எண்ணோடு சேர்த்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஓர் அளவு வைக்கப்படுகிறது. புதியவரின் எண்ணுக்குப் பக்கத்தில் லீசெஸ் ஒரு கேள்விக்குறி போடும். ஆட ஆட அது மறையும். நீண்ட காலம் ஆடாமல் விட்டால் எண் இறங்காது, கேள்விக்குறி திரும்ப வரும். திரும்பி வந்து ஆடும் முதல் சில ஆட்டங்களுக்கு நிறை கூட. விட்டுப் போனவள் மங்கிப் போனாள் என்று தளம் முடிவு கட்டுவதில்லை, தெரியாது, ஆடிக் காட்டட்டும் என்று காத்திருக்கிறது.

ஆந்திராவைச் சேர்ந்த கொனேரு ஹம்பியை இதற்கு உதாரணமாகச் சொன்னேன். 2002 இல் பதினைந்து வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனவர். ஜுடித்துக்கு அடுத்ததாக 2600 புள்ளியைத் தாண்டிய பெண். 2017 இல் மகள் பிறந்தாள், இரண்டு வருடமளவில் போட்டிகளில் இருந்து விலகியிருந்தார். திரும்பி வந்து 2019 மார்கழியில் மொஸ்கோவில் உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 2024 மார்கழியில் நியூயோர்க்கில் அதே பட்டத்தை மறுபடியும் வென்றார்.

தாய் அப்போது தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பெண்ணின்ர பிள்ளையை ஆர் பார்த்தது?" என்றார். பெற்றோரும் கணவர் வீட்டாரும் துணை நின்றிருக்க வேண்டும் என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" இல் எவ்வளவோ இருந்தது.

களவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "போன் நம்பர் சும்மா" என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் அதுதான். கணினி நிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆடுபவர்கள் உண்டு. 2021 ஆனி மாதத்தில், கொரோனா நிவாரணத்துக்கு நிதி சேர்க்க விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலரோடு இணையத்தில் ஆடினார். ஐந்து தடவை உலகச் சம்பியனாக இருந்த அவரை, தொழிலதிபர் நிகில் காமத் வென்றார். மறுநாள் காமத்தே, கணினியின் உதவியும் மற்றவர்களின் உதவியும் பெற்றதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உதவிக்காக நடந்த ஆட்டத்திலேயே இப்படி என்றால், மற்றதைச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் களவு பிடிபட்டால், அவரிடம் தோற்றவர்களுக்குப் போன புள்ளியைத் தளங்கள் திருப்பிக் கொடுக்கின்றன. பிள்ளைக்கு அப்படி ஒரு தடவை சில புள்ளிகள் திரும்பி வந்திருந்தன. என்னவென்று தெரியாமல் பயந்து போய்த் தாயிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

தாய்மாருக்கு ஒரு சிறு குறிப்பு. இந்தத் தளங்களில் எதிராளி செய்தி எழுதி அனுப்பும் வசதி உண்டு. அதை நிறுத்தி வைக்க முடியும், நிறுத்தி வையுங்கள். பிள்ளையின் சொந்தப் பெயர், ஊர், படம் எதுவும் போட வேண்டாம்.

வெளிக்கிடும்போது தாய் கடைசியாகக் கேட்டார். "அப்ப போகட்டோ மிஸ்?" இந்த எண்ணை வைத்துப் போகலாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, உங்களுடைய காசு, உங்களுடைய முடிவு என்றேன். ஒன்று மட்டும் சொன்னேன். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியைத் தகப்பன் சதுரங்கத்தில் சேர்த்ததே, பிள்ளை எந்நேரமும் தொலைக்காட்சி பார்க்கிறாள் என்றுதான். தம்பி 2018 இல் கிராண்ட் மாஸ்டர் ஆனான். நான்கு வயது மூத்த அக்கா 2500 என்ற எண்ணைத் தாண்டிப் பட்டத்துக்குத் தகுதி பெற்றது 2023 மார்கழியில். தாய் நாகலட்சுமி, சோறு சமைக்கும் குக்கரையும் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு நாடு நாடாகப் போகிறவர். இந்தத் தாய் அதைக் கேட்டுச் சிரித்தார். "எனக்கு வவுனியாவுக்குப் புட்டுக் கட்டினால் காணும்."

முதல் வேலையாகத் தம்பிக்குத் தனிப் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தோம். கேள்விக்குறியோடு 1500 என்று வந்ததும், அவன் அக்காவை விட நான் மேலே என்று முற்றம் முழுக்க ஓடினான். இரண்டு நாளில் அவனுடைய எண் எங்கே போய் நின்றது என்று நான் சொல்லப் போவதில்லை.

ஐப்பசியில் தாயும் மகளும் முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனார்கள். ஆறு சுற்றுகளில் மூன்று புள்ளி எடுத்தாள். திரும்பி வந்த அடுத்த நாள் தாய் எனக்கு ஃபோன் எடுத்தார். "மிஸ், மூண்டு எடுத்தவள். ஆனா நம்பர் வரேல்லையாம், ஏன்?" பிடேயின் பட்டியலில் முதல் எண் கிடைக்க, எண் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். இவளுக்கு வாய்த்த ஆறு பேரில் மூன்று பேருக்குத்தான் எண் இருந்தது. அதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மெசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப இன்னும் ரெண்டு" என்றார். "அடுத்தது எப்ப வருதெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."